கிளைவுக்குக் கொடுத்த பெனால்டி

முழங்காலில் கட்டுப் போடும்போதே ஹேசல் கணவன் கிளைவிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்கக் கூடாது. அந்த வலது முழங்கால் இன்னொரு தடவை மடங்கினால் ஆயுசுக்கும் கைத்தடிதான் என்று டாக்டர் அவளிடம்தான் சொல்லியிருந்தார். கிளைவிடம் சொல்வதும் சுவரிடம் சொல்வதும் ஒன்று என்று அவருக்கும் தெரியும்.

"நின்னுக்கிட்டே ஆடறேன், போதுமா?" என்றான் கிளைவ்.

பதினெட்டு வருஷம் ராக்லிஃப் டவுன் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரன். அறுநூற்றுப் பதினோரு ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. இறைச்சிக் கடை வரிசையில்கூட ஊர் அவனை அதற்காகக் கிண்டல் செய்யும். அதனால்தான் அவனை வழியனுப்பும் இந்தக் கௌரவ ஆட்டத்தில், முடியப் பத்து நிமிஷம் இருக்கையில், ஒன்றுமே நடக்காத இடத்தில் நடுவர் விசில் ஊதி பெனால்டி கொடுத்தார். எதிரணி கோல்கீப்பர் ஒரு பக்கம் விழுவான், கிளைவ் மறுபக்கம் அடிக்க வேண்டும். இந்த ஏற்பாடு மைதானத்தில் டீ விற்கிறவளுக்குக்கூடத் தெரியும். டவுன் அணியின் கோல்கீப்பரே தன் இடத்தை விட்டு வேடிக்கை பார்க்க முன்னே வந்துவிட்டான்.

கிளைவ் நேராக நடுவில் அடித்தான். விழுந்துகொண்டிருந்த கோல்கீப்பரின் காலில் பட்டுப் பந்து பாதி மைதானம் தாண்டித் தெறித்தது. அங்கே மெல்வின் நின்றிருந்தான். பத்து வருஷம் ஆட்டத்தில் கிளைவிடம் உதை வாங்கிய எதிரணிக்காரன், இப்போது தொப்பை வைத்தவன். காலியான கோலைப் பார்த்துச் சிரித்தபடி, கூட்டத்துக்குக் கையசைத்துக்கொண்டே ஓடினான்.

கிளைவ் திரும்பியதுமே ஹேசலுக்குப் புரிந்துவிட்டது. விட்டுத் தொலையேன் என்று வாய்க்குள் கெஞ்சினாள். அவன் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து, கோல் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் சறுக்கினான். மெல்வின் மேல் நகம்கூடப் படாமல் பந்து வெளியே போனது. ஊரே எழுந்து கத்தியது. ஹேசலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள்ளேயே ஒரு பெருமையும் பொங்கியது. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அவன் எழவில்லை. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அவள் புதுச் செருப்போடு சேற்றில் இறங்கி அவனருகே போனாள்.

"சத்தியம் பண்ணினியே."

"அவன் கோல் போட்டிருப்பான், ஹேசல்."

"போட்டுட்டுப் போறான். எனக்கு நீ நடக்கறதுதான் வேணும்."

மெல்வின் ஒரு தோளைப் பிடித்தான், அவள் மறுதோளைப் பிடித்தாள். இடது காலில் பாரம் கொடுத்து எழுந்த கிளைவ், அவள் கையை நெரித்தபடி வலது காலை மெல்லப் புல்லின்மேல் இறக்கினான்.