தராத அறிக்கை

பள்ளிவாசல் கிணற்றில் இறைத்த தண்ணீரை ஹபீல் வாளி வாளியாகக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கிக்கொண்டிருந்தார். ஸுமைரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குறுக்கே வந்து நின்றாள்.

"இந்தத் தண்ணி வேணாம் சாச்சா. வாப்பாவ இதால குளிப்பாட்ட வேணாம்."

சுபஹுத் தொழுகைக்கு எழும்பிய அவளுடைய தகப்பன் மக்கீன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார். ளுஹர் தொழுகையோடு அடக்கம் என்று பள்ளி ஒலிபெருக்கியில் சொல்லியாயிற்று. தெல்தெனியவிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"கொழாய்ல தண்ணி இல்ல மகள். நேரமும் இல்ல" என்றார் மக்கீனின் தம்பி ஹபீல்.

மேட்டிலுள்ள பெயின்ட் தொழிற்சாலையின் கழிவு கிணற்றில் கலக்கிறது என்று மக்கீன் தன் பத்திரிகையில் எழுதியிருந்தார். அதன் பிறகு அதிகாரிகள் வந்து போத்தல்களில் தண்ணீர் பிடித்துப் போனார்கள். சோதனையில் என்ன தெரிந்தது என்று மட்டும் சொல்லவில்லை. தகவல் கேட்டு மக்கீன் விண்ணப்பம் போட்டார். ஊர் மக்கள் பீதியடைவார்கள் என்று தண்ணீரைச் சோதித்த கண்டி அலுவலகம் மறுத்துவிட்டது. மேன்முறையீடு செய்துவிட்டுக் காத்திருந்தார். ஊர் பீதியடையவில்லை, சிரித்தது. அவரைக் கண்டால் தேநீர்க்கடையில் கிளாஸைத் தூக்கிப் பிடித்து, "மௌத்தாகப் போறேன், சாவுச் செய்தி எழுதுங்க" என்பார்கள். அதிகம் சிரித்தவர் பக்கத்து வீட்டு ரஸீன். அவருடைய மருமகனுக்கு அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை.

இன்று ஹபீலோடு சேர்ந்து தண்ணீர் சுமந்தவரும் ரஸீன்தான். அவர் குரலில் கேலி இல்லை.

"கெட்ட தண்ணியென்டு எங்க எழுதி ஈக்கி மகள்? ஒரு கடுதாசி காட்டுங்க. நானே கொட்டிட்டு வாரேன்."

காட்ட அவளிடம் எதுவும் இல்லை. சாச்சாவைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார். ஸுமைரா விலகி வழிவிட்டாள்.

உம்மா ஸக்கியாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மறைப்புக்கு அப்பால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்த வீட்டில் வாப்பா யாரையும் வாயில் வைக்கவிடாத தண்ணீர். உம்மா ஓதுவதை நிறுத்திவிட்டு அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பி வந்தார்கள். நல்ல வெயில். முற்றத்துக் கதிரைகளில் இருந்தவர்களுக்கு ரஸீன் ஜக்கோடு நடந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அறைத் திரையின் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த ஸுமைராவுக்கு அவர்களில் ஒருவரைத் தெரிந்தது. கண்டி அலுவலகத்து ஷப்ராஸ். வாப்பாவோடு அவள் ஒருமுறை அங்கே போயிருந்தபோது, கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்காமலே மறுப்புக் கடிதத்தை நீட்டியவர். பஸ்ஸிலிருந்து இறங்கி ஏற்றத்தில் நடந்து வந்திருக்க வேண்டும், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ரஸீன் நீட்டிய கிளாஸை அவசரமாக வாங்கி வாய்க்குக் கொண்டுபோனார்.

"குடிங்க சேர். பள்ளிக் கிணத்துத் தண்ணி, நல்லாக் குளிரும்" என்றார் ரஸீன்.

கிளாஸ் உதட்டுக்குக் கிட்டே நின்றது.

ஷப்ராஸ் அதை மெதுவாக இறக்கினார். சுற்றிலும் பார்த்தார். குனிந்து கதிரைக்கு அடியில், யார் காலும் படாத இடமாகத் தள்ளி வைத்தார். பிறகு கைகளைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ரஸீன் அந்தக் கிளாஸையே பார்த்தார்.

பக்கத்துக் கதிரையில் இருந்தவர் தன் வெறும் கிளாஸை நீட்டினார். ரஸீன் ஜக்கைப் பிடித்தபடி நின்றார். ஊற்றவில்லை.