அமைச்சர் தந்த ஒரு நாள்

கல்யாணமாகி இருபது வருஷத்தில் ஹில்டா தன் கணவனிடம் வாய் திறந்து கேட்டது ஒரே ஒரு நாள்தான். அதையும் சண்டை போட்டுக் கேட்கவில்லை. தட்டில் இட்லி வைத்துச் சட்னி ஊற்றிக்கொண்டே, "வர்ற வியாழக்கிழமை நம்ம கல்யாண நாள், ஞாபகம் இருக்கா?" என்றாள்.

ஜெயபால் மாநிலச் சுகாதார அமைச்சராகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சங்கம் நடத்திய காலத்திலும் அவர் வீடு தங்காதவர்தான். ஆனால் அப்போது சைக்கிளில் எப்படியாவது வீடு வந்து சேர்ந்துவிடுவார். இப்போதோ மண்ணூர்பேட்டை வீட்டு வாசலில் விடியும் முன்பே கூட்டம் நிற்கிறது. மாறுதல் கேட்கும் டாக்டர்கள், மகளுக்கு நர்ஸ் பயிற்சியில் இடம் கேட்கும் தகப்பன்கள், எதுவும் கேட்காமல் சும்மா மாலை போட வருகிறவர்கள். ஹில்டாவும் அரசு ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்தவள். கணவன் துறையிலேயே மனைவி வேலை பார்த்தால் ஊர் பேசும் என்று, அவர் பதவியேற்ற மாதமே வேலையை விட்டுவிட்டாள்.

"அன்னைக்குச் செம்பரம்பாக்கம் போற வழியில புதுப் பிரசவ விடுதித் திறப்பு இருக்கே" என்றார் ஜெயபால்.

"சரி, போயிட்டு வாங்க."

அந்தச் 'சரி' அவரை என்னவோ செய்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிவிட்டு, ஒன்றியச் செயலாளர் பார்த்தசாரதியைப் போனில் பிடித்தார். "வியாழன் வேணாம்ப்பா. அதுக்கு அடுத்த வியாழன் வெச்சுக்கலாம்." போனை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஒரு வாரம்தானே. கட்டடம் எங்க ஓடிடப் போகுது?"

ஹில்டா வெட்கப்பட்டாள். நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கே அது சிரிப்பாக இருந்தது.

கல்யாண நாளன்று காவலுக்கு வரும் போலீஸ்காரரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, நண்பரின் பியட் காரைத் தானே ஓட்டிக்கொண்டு அவளை மகாபலிபுரம் அழைத்துப் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலையில் நின்றார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

"சுகாதார அமைச்சர் ஈ மொய்ச்ச சுண்டல் தின்னலாமா?" என்று ஹில்டா கேட்டாள்.

"அதைச் சட்டசபையில கேட்கட்டும், பதில் சொல்றேன். இப்ப மாங்காய் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லு."

திரும்பும் வழியெல்லாம் அவர் தோளில் சாய்ந்துகொண்டே வந்தாள். அவர் மறுபடி தன் மனுஷனாகக் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் காலை வேம்புலியம்மாள் வேலைக்கு வரவில்லை. ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். சொல்லாமல் நின்றதே கிடையாது. அவள் மகள் வடிவுக்கு மாதக் கடைசியில் பிரசவம். வடிவைக் கட்டிக்கொடுத்திருந்தது செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று வேம்புலி ஒற்றைக்காலில் நின்றாள். ஹில்டாதான் தடுத்தாள். "இங்கே கூட்டிட்டு வந்து என்ன பண்ணப் போறே? அங்கே புது விடுதி திறக்கப் போறாங்க. மாமியார் வீட்டிலேர்ந்து கூப்பிடு தூரம். நர்ஸ், மருந்து, எல்லாம் இருக்கும். அங்கேயே விடு." நர்ஸம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வேம்புலி சம்பந்தி வீட்டிலேயே மகளை விட்டுவைத்தாள். திறப்பு விழா தள்ளிப்போனபோது ஹில்டாவுக்கு இந்தப் பேச்சு நினைவுக்கு வரவே இல்லை. மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது.

பத்து மணி சுமாருக்குப் பார்த்தசாரதி வந்தான். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றபடியே பேசினான்.

"அண்ணே, சின்ன சங்கடம் ஒண்ணு. நம்ம விடுதி வாசல்ல நேத்து தகராறு. ஏரிக்கரைப் பொண்ணு, வடிவுன்னு பேரு, நாள் முந்தி வலி வந்துருச்சு. கட்டில்ல வெச்சுத் தூக்கியாந்துட்டானுங்க."

ஹில்டா அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நர்ஸு?" என்றார் ஜெயபால்.

"குவார்ட்டர்ஸ்லதான் இருந்தாங்க. அவங்களும்தான் சாவி கேட்டாங்க. சாவி என் கையில. எப்படிண்ணே குடுக்கறது? பெயின்ட்டு காயல, உங்க பேர் போட்ட கல்லைத் துணி போட்டு மூடி வெச்சுக்கீறோம். அமைச்சர் வராம கதவத் தொறந்தா உங்களுக்கு மரியாதையா? ஆட்டோ புடிச்சு மெட்ராஸுக்கு அனுப்பிச்சேன். நானே காசு குடுத்தேன்."

"அப்புறம்?"

"புள்ள வழியிலயே போய்டுச்சு. பொண்ணு பொழச்சுக்கிச்சு."

ஜெயபால் கை ஓங்கிவிட்டார். பார்த்தசாரதி விலகவில்லை. அடி விழப்போகிறது என்பதே புரியாதவனாக அவர் முகத்தைப் பார்த்தான்.

"போன வருஷம் அந்த லேடி டாக்டரு நீங்க வர்றதுக்கு முந்தி வார்டைத் தொறந்துட்டாங்கன்னு ராமநாதபுரத்துக்குத் தூக்கி அடிச்சீங்களே அண்ணே. அதான் நான் ஜாக்கிரதையா இருந்தேன்."

ஓங்கிய கை மெல்லக் கீழே இறங்கியது. ஜெயபால் நாற்காலியில் உட்கார்ந்தார். "போய்ப் பூட்டைத் திற" என்றார்.

வடிவை ஆஸ்பத்திரியிலிருந்து தாய்வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ஹில்டா போனாள். தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டிய சந்தில் வீடு. கார் உள்ளே போகாது. ஜெயபால் தானும் வருகிறேன் என்றார். நீங்கள் வந்தால் கூட்டம் கூடிவிடும் என்று அவரைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

"வாம்மா, குந்து" என்று வேம்புலி பாயை உதறிப் போட்டாள். அழுது ஓய்ந்த குரல். "ஆம்பளப் புள்ளம்மா. தல நெறைய முடி. ஆட்டோ குமணஞ்சாவடி தாண்டறப்போ பொறந்துச்சாம். அழுவவே இல்ல."

ஹில்டா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வேம்புலியே அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"நீ இன்னாத்துக்குமா அழுவுற? ஐயா மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது. கோட்டைல எதுனா அவசர வேல இருந்திருக்கும். ஊரு முச்சூடும் பாக்கற மனுசன், அவுரு இன்னா பண்ணுவாரு?"

அந்த வார்த்தையோடு ஹில்டா எழுந்து வந்திருக்கலாம். வேம்புலி மறுநாளே வேலைக்கு வந்திருப்பாள். முதுகில் அந்தக் கை இருக்கும்வரை ஹில்டாவால் அது முடியவில்லை.

"கோட்டையில ஒண்ணும் இல்ல வேம்புலி. அன்னைக்கு எங்க கல்யாண நாள். நான்தான் அவரைக் கூட இருக்கச் சொன்னேன். மகாபலிபுரம் போயிருந்தோம்."

வேம்புலியின் கை நின்றது. "சமுத்திரம் பாக்கவா?" என்றாள், ஏதோ ஒரு விவரம் கேட்பதுபோல.

"ஆமா."

வேம்புலி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சம்மந்தி கையில சண்ட போட்டு வடிவ இட்டாந்திருப்பேன். நீ சொன்னியேன்னு வுட்டேன்."

உள்ளே வடிவு முனகினாள். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகியிருந்தது. குடிக்கப் பிள்ளை இல்லை. பால் வற்றுவதற்காக மல்லிகைப்பூ வைத்துக் கட்டியிருந்தார்கள். கட்டு நழுவிக் கிடந்தது. ஹில்டா பக்கத்தில் மண்டியிட்டு, பூவைச் சரியாகப் பரப்பி, துணியை வலிக்காமல் இறுக்கிக் கட்டினாள். அந்த ஒன்றை மட்டும் அவள் கை மறக்கவில்லை.

"அக்கா," என்றாள் வடிவு கண்ணைத் திறக்காமலே, "அந்த ஆஸ்பத்திரி உள்ளார எப்படி இருக்கும்? ஜன்னல் வழியா கட்டில் தெரிஞ்சுது. வெள்ளையா விரிச்சு வெச்சிருந்தாங்க."

ஹில்டா முடிச்சைப் போட்டாள்.

வாசலில் வேம்புலி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நாளைலேர்ந்து வேற ஆள் பாத்துக்கம்மா."

காரில் ஏறியதும் ஜெயபால், "விழா கிடையாதுன்னு சொல்லிட்டேன்" என்றார். "திறந்த அன்னைக்கே ஒரு பிரசவம் ஆச்சாம். பொண்ணு. ரெண்டு பேரும் சுகம்."

அவள் கார்க் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"நான் வர லேட்டாகும், நீங்க தொறந்து வெச்சுக்கங்கடான்னு சொல்ல எனக்குத் தோணலையே ஹில்டா."

"எனக்கு மட்டும் தோணுச்சா?" என்றாள். "அதே வேலையைப் பார்த்தவதானே நான்."

அவர் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அதில் பூவும் பாலும் கலந்து வாடை வீசியது. அவள் இழுத்துக்கொள்ளவில்லை, திருப்பிப் பற்றவும் இல்லை. டிரைவர் எந்தப் பக்கம் போவது என்று கேட்டபோது இருவரில் யாரும் வீட்டுக்கு என்று சொல்லவில்லை.