ரப்பர் கை செல்லாது

எங்கள் வகுப்பில் மருத்துவ ஆய்வகப் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தவர்கள் முதல் நாளே ஜோடி பிடித்துவிட்டார்கள். ரத்தம் எடுத்துப் பழக ஒருவர் கையை ஒருவர் நீட்ட வேண்டுமே! என் ஜோடி, "ரத்தம்னாலே மயக்கம் வருது" என்று சொல்லிச் சீக்கிரமே வேறு படிப்புக்கு ஓடிவிட்டாள். ரத்தமே ஆகாதவள் இங்கே எதற்கு வந்தாள், என் உயிரை வாங்கவா?

எனக்கு மிஞ்சியது ரப்பர் கை. பலகையில் திருகி வைத்த, தோளில்லாத கை. உள்ளே குழாயில் சிவப்புச் சாயத் தண்ணீர். அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார்கள், என்னைச் சீண்டத்தான்.

"என்ன, மாப்பிள்ளை சௌக்கியமா?"

"உங்க ஆளுங்களவிட வாய் கம்மி" என்பேன் வெடுக்கென்று. சிரித்துவிட்டுக் கும்பலாக டீ குடிக்கப் போவார்கள். என்னைக் கூப்பிட மாட்டார்கள். நானும் வருகிறேன் என்று கேட்க மாட்டேன். அந்தத் திமிருக்கு மட்டும் குறைச்சலில்லை. அறையில் தனியாகச் சாப்பிடும்போது அழுகையாக வரும்.

செய்முறைத் தேர்வுக்கு ரப்பர் கை செல்லாது. உயிருள்ள ஆளிடம் எடுத்துக் காட்ட வேண்டும். ஆளை நாமே கூட்டிவர வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தாள் போச்சு, ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கும் அனுப்ப மாட்டார்கள். அக்கா வருவதாகச் சொல்லியிருந்தாள். அன்று காலையில் போன் வந்தது.

"சின்னவனுக்குக் காய்ச்சல்டி. கோச்சுக்காத."

"நீ ஒண்ணும் வர வேணாம், போ" என்று வைத்துவிட்டேன். பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை.

தேர்வறை வாசலில் பிஸ்கட் நின்றிருந்தாள். எந்நேரமும் எதையாவது கொறிப்பதால் வகுப்பில் அவளுக்கு அந்தப் பெயர். தன் ஜோடிக்குக் கை கொடுத்து முடித்திருந்தாள். வலது கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவளிடம் நான் அதுவரை உருப்படியாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

"உன் இன்னொரு கை வேணும்" என்றேன்.

"பொண்ணு கேக்க வந்தவன் மாதிரி இப்படி வேர்க்குதே உனக்கு! வா."

உள்ளே போய், அவள் மேல்கையில் நாடாவை இறுக்கி, முழங்கை மடிப்பில் விரல் வைத்தேன். கையுறையைத் தாண்டியும் சூடு தெரிந்தது. நரம்பு மெத்தென்று எழும்பி நின்றது. ஒரே குத்து. குழாய் நிறைந்தது. அட, நானா! பூரித்துப்போய் ஊசியை உருவினேன்.

நாடாவை அவிழ்க்கவில்லை.

முதலில் நாடாவை அவிழ்த்து, அப்புறம்தான் ஊசியை உருவ வேண்டும். ஆனால் ரப்பர் கைக்கு நாடா இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அவிழ்க்காமலே உருவிப் பழகியிருந்தேன். இந்தக் கையில் ரத்தம் பீறிட்டது. தோலுக்கடியில் நீலமாக வீங்கியது.

"நாடா!" என்று கத்தினார் தேர்வாளர். பிறகு குரலை இறக்கி, "அடுத்த மாசம் திரும்ப வாம்மா" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவள் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"வலிக்குதாடி?"

"வலிக்காம? பாவி."

அவளுடைய ஜோடி டீக்குக் கூப்பிட்டாள். "நீ போ, வரேன்" என்று அவளை அனுப்பிவிட்டு, பிஸ்கட் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னுமா ரத்தம் நிக்கல?"

"இன்னும் நிக்கல."

எப்போதோ நின்றுவிட்டது. அந்தக் கையை விட எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அவள் என் விரலைத் தூக்கிப் பஞ்சைப் பார்த்தாள்.

"புளுகுணி" என்றாள்.

கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.