அதிராவுக்காக நின்ற கல்

கல் விழவில்லை என்பதை முதலில் கவனித்தவள் நானாக இருந்துவிடக் கூடாது என்று சுபாஷினி டீச்சர் நினைத்தாள். வேறு யாராவது சொல்லட்டும். எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது, காலையிலிருந்து தலைவலி வேறு. கையைத் திறந்தேன், அது நிச்சயம். திறந்த கை இன்னும் தண்ணீர் நிரப்பிய பேசினுக்கு மேலேயே இருந்தது. கைக்கு ஒரு சாண் கீழே, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, ஆற்றங்கரையில் பொறுக்கிய கோழிமுட்டை அளவுக் கல் எதன் மீதும் சாயாமல் நின்றுகொண்டிருந்தது.

"கல்லு நின்னுருச்சு டீச்சர்," என்றான் தனேஷ். மழை விட்டுவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னான்.

பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சிறிய தமிழ்ப்பள்ளி ஒன்றில், முதலாம் ஆண்டு வகுப்பில், ஓய்வுவேளைக்குப் பிறகு இது நடந்தது. சுபாஷினி வருவதற்கு முன் அங்கே அறிவியல் பாடம் வேறு மாதிரி இருந்தது. ஆசிரியர் கரும்பலகையில் 'கல் மூழ்கும்' என்று எழுதுவார். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள். பிறகு பார்த்து எழுதுவார்கள். தண்ணீரையோ கல்லையோ யாரும் தேடியதில்லை. சுபாஷினி சந்தையில் ஷேக் அலாவுதீன் கடையிலிருந்து ஒரு பச்சை பேசின் வாங்கி வந்து ஜன்னலோர மேசையில் வைத்தாள். ஒரு பொருளைத் தண்ணீரில் போடுவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து, மிதக்குமா மூழ்குமா என்று தன் சொந்த ஊகத்தைச் சொல்ல வேண்டும். யாரும் சிரிக்கக் கூடாது. டீச்சரும் சரி தப்பு சொல்ல மாட்டாள், தண்ணீர் சொல்லும். எலுமிச்சை புளிப்பாக இருப்பதால் மிதக்கும் என்றான் யுகேந்திரன். பத்து காசு குட்டியாக இருப்பதால் அதற்கு நீந்தத் தெரியாது என்றாள் இன்னொருத்தி. ஜாதிக்காயைப் பற்றி இரண்டு கட்சி ஏற்பட்டு, கன்டீன் வரை சண்டை நடந்தது.

அதிரா மட்டும் பேசுவதில்லை. பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் அவள் வாய் மூடிக்கொள்ளும், திரும்பப் போகும்போது வேனில் திறக்கும். முதல் வாரங்களில் சுபாஷினி அவள் முறை வந்ததும் காத்திருந்தாள். பிறகு கொஞ்சம் குறைவாகக் காத்திருந்தாள். பிறகு அவள் தலையைச் சாய்த்ததையே பதிலாக எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். அன்று மணி அடிக்கப் போகிற அவசரத்தில், பத்தாவது பிள்ளை சொல்லி முடித்ததும், அதிரா இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லாமல் கையைத் திறந்துவிட்டாள். வகுப்பில் பதினொரு பேர். தான் போட்ட விதியைக் கல் தன்னைவிடக் கண்டிப்பாக எடுத்துக்கொண்டது என்பது சுபாஷினிக்கு அன்று மாலை பஸ்ஸில்தான் உறைத்தது. பிள்ளைகளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"அதிரா இன்னும் சொல்லலல்ல, அதான் வெயிட் பண்ணுது," என்றான் தனேஷ்.

"ஆமாலா," என்று சொல்லிவிட்டு யுகேந்திரன் மலாய்ப் புத்தகத்தை எடுத்து வைத்தான்.

தலைமையாசிரியர் கார்த்திகேசு வந்து பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, கல் பள்ளியுடையதா வெளியிலிருந்து வந்ததா என்பது. பள்ளிக் காவலாளி மோகனராஜை அழைத்து எடுத்துப் போடச் சொன்னார். மோகனராஜ் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார், பிறகு கால்களைத் தரையிலிருந்து எடுத்துத் தொங்கிப் பார்த்தார். கல் அசையவில்லை. "சார், நான் எறங்கிக்கவா? பேன்ட் கிழியுது," என்று கேட்டுவிட்டு இறங்கினார். மறுநாள் தலைமையாசிரியர் தனக்குத் தெரிந்த வழியைக் கையாண்டார். பதினொரு பேரையும் வரிசையாக நிற்கவைத்து, 'கல் மூழ்கும்' என்று ஒரே குரலில் கத்தச் சொன்னார். அதிராவின் உதடுகள்கூட அசைந்தன. கல் இன்னும் ஒரு சாண் மேலே போயிற்று. அந்த வழியை அவர் மறுபடி கையாளவில்லை.

கல் தொடங்கிவைத்ததை மற்றப் பொருள்களும் பின்பற்றின. பனிக்கட்டி எவ்வளவு நேரத்தில் உருகும் என்று கேட்ட பாடத்தில், தட்டில் வைத்த பனிக்கட்டி பினாங்கு வெயிலில் ஓரம்கூட மழுங்காமல் உட்கார்ந்திருந்தது. சோப்புக் குமிழி ஒன்று மின்விசிறிக்கும் அலமாரிக்கும் நடுவில் நின்றது. சரிவான பலகையில் விட்ட பொம்மைக் கார் பாதி வழியில் நின்றது. ஈரப் பஞ்சில் வைத்த பச்சைப்பயறு முளைக்கவில்லை, அழுகவும் இல்லை. பிள்ளைகள் குமிழியில் இடிக்காமல் குனிந்து நடக்கப் பழகினார்கள். பேசினில் தண்ணீர் வற்றினால் முறைவைத்து ஊற்றினார்கள். கெலுகோர் பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர்கள் கருவிகளோடு வந்து அளந்துவிட்டு, அளவுகள் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிப் போனார்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்வந்த ஓர் அம்மாள் கல்லுக்குத் திருநீறு பூசினார். எடை மாறிவிட்டால் சோதனை கெட்டுவிடும் என்று சுபாஷினி ஈரத்துணியால் துடைத்தாள். ஷேக் அலாவுதீன் கடையில் 'கல் நின்ற பேசின் இங்கே கிடைக்கும்' என்று பலகை வைத்தார். பச்சை நிறம் முதலில் தீர்ந்தது.

சுபாஷினிக்குத்தான் அந்த மாதங்கள் எளிதாக இல்லை. சில நாள் அவளுக்குக் கோபம் வரும். ஒரு சொல், ஒரே ஒரு சொல், உன் தொண்டையில் என்ன இருக்கிறது? வகுப்பின் பதினொரு முகங்களில் ஒரு முகத்தை மட்டும் அப்படிப் பார்த்துவிட்டு, பிறகு வீட்டில் பாத்திரம் கழுவும்போது வெட்கப்படுவாள். அந்தப் பிள்ளையின் குரல் எனக்கு எதற்கு வேண்டியிருக்கிறது? அவளுக்காகவா, கல் விழுந்து என் வகுப்பு பழையபடி ஆகவேண்டும் என்பதற்காகவா? தானும் ஏழு வயதில் வரிசையில் நின்று கத்தியவள்தான். குரல் வெளியே வந்தது, அதற்குள் தன்னுடைய நினைப்பு எதுவும் இருந்ததா என்று தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. கூட்டங்களில் எல்லாரும் கை தூக்கியபின் தன் கையும் எழுவது அவளுக்குத் தெரியும். கணவன் எந்தக் கடையில் சாப்பிடலாம் என்று கேட்டால், நீங்களே சொல்லுங்க என்பாள். முன்பு அதை நல்ல குணம் என்று நினைத்திருந்தாள். இப்போது அதிராவின் மௌனத்தைப் பார்க்கப் பார்க்க, இந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு எதையோ பத்திரமாக வைத்திருக்கிறது, நான் வாயைத் திறந்தே அதைத் தொலைத்தேன் என்று தோன்றியது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆண்டின் கடைசிப் பருவத்தில் தலைமையாசிரியர் அவளை அழைத்து விஷயத்தைச் சொன்னார். வாய்மொழி மதிப்பீட்டில் அதிராவுக்கு ஒன்றுமே பதிவாகவில்லை. கல்வி அலுவலகத்திலிருந்து புவான் ரோஹானா என்ற மலாய் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். அன்றும் பேசாவிட்டால் அடுத்த ஆண்டு தீவின் மறுகோடியில் உள்ள வேறொரு பள்ளியில், சிறப்பு வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள். தேவைப்படும் பிள்ளைகளுக்கு அது நல்ல வகுப்புதான். அதிராவுக்குத் தேவையா என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை, சொல்லக்கூடியவள் பேசவில்லை.

அதிராவின் அம்மா மீனாட்சி தொழிற்சாலைச் சீருடையோடு வந்து நின்றாள்.

"வீட்ல வாய் ஓயாது டீச்சர். பூனைகிட்ட கூட பேசிக்கிட்டே இருப்பா. அந்த ஸ்கூலுக்கு வேன் போகாது. நான் ஷிப்ட் வேல, யாரு கொண்டு விடறது? இங்க பழகிட்டா. இந்த கல்லு, கொமிழி எல்லாத்துக்கும் பேரு வெச்சிருக்கா, தெரியுமா?"

"என்ன பேரு?"

"எங்கிட்டயே சொல்ல மாட்டேங்கறா."

மீனாட்சி போனபின் கார்த்திகேசு குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், ஒரே வார்த்த. மூழ்கும். காதுல சொல்லிக் குடுத்துருங்க. ஒரு வாரம் இருக்கு, கிளிப்புள்ளகூட சொல்லிரும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சுபாஷினியும் மறுக்கவில்லை. அடுத்த நாள் ஓய்வுவேளையில் அதிராவின் பக்கத்தில் போய்க் குனிந்தாள். எண்ணெய் வைத்த தலையின் வாசனை வந்தது. சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் இந்தப் பிள்ளை இங்கேயே இருப்பாள், அம்மா நிம்மதியாக வேலைக்குப் போவாள், கல் விழும். விழுமா? அன்று கத்தியபோது மேலே போன கல் அது. அதைவிட, விழுந்துவிட்டால்? அப்புறம் இவள் எதற்காகவாவது என்னிடம் தன் நினைப்பைச் சொல்வாளா? சுபாஷினி நிமிர்ந்து, "உனக்கு என்ன தோணுதுன்னு எனக்குத் தெரியல அதிரா," என்று மட்டும் சொன்னாள். அதிரா அவளை வெகுநேரம் பார்த்தாள். டீச்சருக்குத் தெரியாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்பது அவளுக்குப் புதிய செய்தியாக இருந்திருக்க வேண்டும்.

புவான் ரோஹானா நீல நிற பாஜு கூரோங் உடையில் வந்தார். குமிழிக்குக் கீழே குனிந்து வந்து, பேசினருகே நாற்காலியில் உட்கார்ந்தார். தமிழ் கொஞ்சம் புரியும், பேச வராது. பத்துப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் ஊகத்தை மறுபடி சொன்னார்கள். பிறகு வகுப்பு அதிராவின் பக்கம் திரும்பியது. தலைமையாசிரியர் வாசலில் நின்று, உதட்டைக் குவித்து 'மூ' காட்டினார். ரோஹானா திரும்பிப் பார்க்காமலேயே கையை உயர்த்தினார். கார்த்திகேசுவின் குவிந்த உதடு தானாக விரிந்தது.

அதிரா எழுந்தாள். பேசினிடம் போனாள். கல்லுக்குக் கீழே தலையை விட்டு அண்ணாந்து பார்த்தாள். தண்ணீரில் விரலை விட்டு எடுத்தாள். கல்லை ஒரு முறை தட்டினாள்.

"மிதக்கும்," என்றாள்.

கார்த்திகேசு கண்ணை மூடிக்கொண்டார். ரோஹானா மலாயில் ஏன் என்று கேட்டார்.

"இவ்ளோ நாள் கீழ விழாம மேலயேதான இருந்துச்சு? தண்ணிக்கு மேலயும் அப்படித்தான் இருக்கும்."

தலைமையாசிரியர் விருப்பமில்லாமல் மொழிபெயர்த்தார். ரோஹானா கொஞ்சம் யோசித்து, "பெத்துல் ஜுகா," என்றார். அதுவும் சரிதானே என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கல் விழுந்தது. நேராகப் போய் பேசினின் அடியில் உட்கார்ந்தது. தண்ணீர் எகிறி நீல பாஜு கூரோங் மடிவரை நனைந்தது. பத்துப் பிள்ளைகளும் மேசைகளைத் தட்டிக் கூச்சலிட்டார்கள். அதிராவின் ஊகம் தப்பாகிவிட்டது, யாருக்கும் அது வருத்தமாக இல்லை. அவளுக்கும் இல்லை. பேசினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, "ஏன் டீச்சர் மூழ்கிச்சு?" என்று கேட்டாள். சுபாஷினி பதில் சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் அதிரா பனிக்கட்டியிடம் போய்விட்டாள். மத்தியானத்துக்குள் உருகும் என்றாள், அது உடனே வியர்க்கத் தொடங்கியது. குமிழி கூரையில் முட்டி உடையும் என்றாள், அது கீழே இறங்கி ரோஹானாவின் தோளில் உடைந்தது. கார் சுவர் வரை போகும் என்றாள், போயிற்று. பச்சைப்பயறிடம் குனிந்து ஏதோ சொன்னாள், அது யாருக்கும் கேட்கவில்லை. மணி அடிப்பதற்குள் பஞ்சு முழுக்க வெள்ளை முளைகள். அத்தனைக்கும் அவள் ஏன் என்று கேட்டாள். வேன்காரர் வெளியே ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, கடைசியில் தானும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். நனைந்த பாஜு கூரோங்கைப் பிழிந்துகொண்டே ரோஹானா, இந்தப் பிள்ளை இங்கேதான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மீனாட்சிக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, "ஸ்கூல்ல அவ கொரல் எப்படி டீச்சர் இருந்துச்சு?" என்றுதான்.

அதன்பின் வருடங்கள் போயின. அந்த வகுப்பில் பொருள்கள் எல்லாருடைய ஊகத்துக்கும் காத்திருப்பது வழக்கமாகிவிட்டது. சாதாரணமாக ஓரிரு நிமிடம், சில சமயம் கூச்சமுள்ள பிள்ளைக்காக ஒரு வாரம். புதிதாக வரும் ஆசிரியர்களுக்குக் கழிப்பறை எங்கே, ஒளிநகல் இயந்திரம் எப்போது மக்கர் செய்யும் என்று சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுவார்கள். கால அட்டவணையில் அறிவியலுக்கு அடுத்த பாடவேளை ஓவியம் என்று மாற்றப்பட்டது, தேவைப்பட்டால் அந்த நேரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். பதினொரு பேர் இருந்த வகுப்பு இரண்டு வகுப்பானது. ஷேக் அலாவுதீன் தன் பேத்தி ஃபராவை அங்கேயே சேர்த்தார். அதிரா இப்போது நான்காம் ஆண்டில் இருக்கிறாள், அவளைப் பேசாமல் இருக்கச் சொல்லி மலாய் ஆசிரியர் மாதம் ஒரு முறையாவது மனுக் கொடுக்கிறார். கூட்டங்களில் சுபாஷினி இப்போது எல்லாருக்கும் முன்னால் கை தூக்குகிறாள். ஒருமுறை அவள் மட்டுமே தூக்கினாள், கீழே இறக்கவில்லை.

சென்ற மாதம் கார்த்திகேசு வகுப்புக்கு வெளியே அவளை நிறுத்தினார். பெரிய இடத்திலிருந்து ஆட்கள் பள்ளியைப் பார்க்க வருகிறார்கள். கல் நிற்பதைப் படம் எடுக்க வேண்டுமாம். பிடித்துப்போனால் புது அறிவியல் கூடம் கட்டித் தருவார்களாம்.

"பத்து நிமிஷம் நின்னா போதும் டீச்சர்."

"நம்ம புள்ளைங்க எல்லாரும் டக்குனு சொல்லிருவாங்களே சார். நிக்காது."

"அதான் சொல்றேன். ஒரு புள்ளைய மட்டும் வாயத் தொறக்காம இருக்கச் சொல்லுங்க. ஃபராவே போதும், சொன்னா கேப்பா."

கதவுக்கு உள்ளே ஃபரா யாருடனோ ஜாதிக்காயைப் பற்றி உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சுபாஷினி கொஞ்ச நேரம் அதைக் கேட்டாள். கூடம் வேண்டும்தான். கூரை ஒழுகாத ஒரு கூடம், வரிசையாகத் தண்ணீர்க் குழாய்கள். அவள் அதை ஆசையோடுதான் நினைத்துப் பார்த்தாள்.

"கேப்பா சார்," என்றாள். "அதான் பயமா இருக்கு. இது வேணாம்."