சிறுத்தைப் படைக்கு வந்த கிராக்கி

தலைமையகம் ஒரு பெண்கள் பள்ளியில் இயங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியவர்கள் பெஞ்சுகளை மாற்ற மறந்துவிட்டார்கள். நாட்டின் தலைவிதியை முடிவுசெய்ய வந்த தளபதிகள் மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகை மேல் வரைபடத்தை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். எல்லாப் படைகளுக்கும் தலைவரான பெரியவருக்கு மட்டும் டீச்சர் நாற்காலி.

மலைக்கணவாயில் எதிரி நெருக்கிக்கொண்டிருந்தான். இன்னொரு படை போகாவிட்டால் கணவாய் கைவிட்டுப் போய்விடும். கொடுக்கிற நிலையில் இருந்தது ஆற்றுமுனை ஒன்றுதான். அங்கே இரண்டு படைகள். அதில் எதை அனுப்புவது?

தளபதிகளைக் கேட்டு முடிவுசெய்யலாம் என்றால், அது கடைக்காரரிடமே விலையை நிர்ணயிக்கச் சொல்வது போல. எந்த முனைத் தளபதியும் எதிரியை இரண்டு மடங்காக்கிச் சொல்வார், தன் பலத்தைப் பாதியாக்கிச் சொல்வார். பெரியவரும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவர்தான். அதனால் எல்லாவற்றையும் கழிவு போட்டே கேட்பார்.

ஆற்றுத் தளபதியோ அதற்கும் மேலே போனவர். தன்னிடம் இருந்த மிக மோசமான படையை ஒரு மாதமாக வானளாவப் புகழ்ந்துகொண்டிருந்தார். சிறுத்தைப் படை என்ற பெயரும் அவர் வைத்ததே. என்றைக்காவது படை கேட்டு ஆள் வரும்போது தள்ளிவிடலாம் என்று மெருகேற்றி வைத்திருந்த சரக்கு அது. போரில் அடிபட்டுத் தேறிய மூத்த படையைப் பற்றி மூச்சே விடவில்லை.

“மனசில்லாமத்தான் கொடுக்கறேன் ஐயா,” என்றார். “சிறுத்தைங்களை எடுத்துக்குங்க. அவங்க போயிட்டா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி.”

பக்கத்து பெஞ்சில் இருந்த மலைத் தளபதி சிரித்தார். அவர் ஆற்றுத் தளபதியின் தங்கையைக் கட்டியவர். அந்தத் தங்கை குடியிருப்பது ஆற்றங்கரை ஊரில்.

“மச்சான், பழைய சைக்கிள் விக்கறவன்கூட இவ்வளவு கண்ணு கலங்க மாட்டான்.”

“உங்களுக்கு நல்லது பண்ணா இப்படித்தான் மாப்பிள்ளை.”

“அந்த நல்லதை மூத்த படையா பண்ணுங்களேன்.”

“அதெல்லாம் வயசான கூட்டம். பாதிப் பேருக்கு மூட்டு வலி.”

பெரியவர் சாக்பீஸை உருட்டிக்கொண்டிருந்தார். “சரி. சிறுத்தைங்களே போகட்டும். நீங்களே கூட்டிட்டுப் போங்க.”

“நானா?”

“இனிமே கணவாயை நீங்க பாருங்க. உங்க மாப்பிள்ளை போய் ஆத்தைப் பாக்கட்டும். கை இல்லாம நீங்க மட்டும் அங்க இருந்து என்ன பண்ணப் போறீங்க?”

“எனக்குச் சம்மதம்,” என்றார் மலைத் தளபதி. “வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு.”

ஆற்றுத் தளபதி வரைபடத்தைப் பார்த்தார். நேற்றுவரை அந்தக் கணவாய் அவருக்கு ஒரு பழுப்புக் கோடு. இப்போது அதில் தானே நிற்பது தெரிந்தது. எதிரே எதிரி. பின்னால் சிறுத்தைகள்; பின்னால் என்றால், வெகு தூரம் பின்னால். அப்புறம்தான், இத்தனை நாளும் அங்கே நின்றுகொண்டிருந்தது யார் என்பது உறைத்தது. தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது. பெஞ்சு இன்னும் சின்னதாகிவிட்டது போலிருந்தது.

“வேண்டாம் ஐயா,” என்றார். “அவங்க இதுவரைக்கும் சுட்டதெல்லாம் மணல் மூட்டையைத்தான். அதுலயும் நிறைய மூட்டை தப்பிச்சிடுச்சு.”

மலைத் தளபதி சிரிக்கவில்லை. “இதைத்தான் எனக்கு அனுப்ப இருந்தீங்களா மச்சான்?”



“எது நல்ல படைன்னு இந்த நாற்காலியில உக்காந்துட்டு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் பெரியவர். “கொடுக்கறவரு எதைப் பத்திப் பேசலைன்னு பாப்பேன். மூத்த படை மலைக்குப் போகட்டும். ஆத்துல வெள்ளம் போகுது, வடியற வரைக்கும் எவனும் தாண்ட மாட்டான். அவங்கவங்க முனைக்கு அவங்கவங்க கிளம்புங்க.”

“வடிஞ்சப்புறம்?” என்றார் ஆற்றுத் தளபதி.

“ஒரு மாசமா என்கிட்ட ஒண்ணுமில்லாததைப் பெருசாக் காட்டினீங்களே, அதை அக்கரைக்காரன்கிட்ட காட்டுங்க. வாங்க வேண்டிய ஆளு அவன்.”

மூத்த படை குன்றுக்குப் பின்னால் இருந்த ஸ்டேஷனில் ரயிலேறியது. கூடாரங்களை மட்டும் கரையிலேயே விட்டுவிடச் சொன்னார் ஆற்றுத் தளபதி. அக்கரையில் இருந்து பைனாகுலரில் பார்க்கிறவனுக்கு ஆள் குறைந்தது தெரியக் கூடாது. அடுப்புகளும் புகைந்துகொண்டிருந்தன. தன் வேலையில் அவருக்கே ஒரு திருப்தி.

மறுநாள் காலை தங்கை கரைக்கு வந்து நின்றாள்.

“அண்ணா, மூத்த படை போயிடுச்சா?”

“உன் வீட்டுக்காரர்கிட்டத்தான் போயிருக்கு.”

அவள் மூச்சு விட்டாள். பிறகு வரிசையாக நின்ற கூடாரங்களைப் பார்த்தாள். “அப்போ இதுல யாரு?”

சொல்வதற்கு அவரிடம் நல்ல பொய்கள் இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை. “யாரும் இல்லம்மா.”

“வெள்ளம் வடிஞ்சா?”

“அதுக்குள்ள சிறுத்தைங்க சுடக் கத்துக்கணும். அதுவரைக்கும் அவன் இதை நம்பணும்.”

கடை வாசலில் நின்று துணியை உரசிப் பார்க்கிறவள் போலக் கூடாரங்களை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தாள்.

“நம்ப மாட்டான்,” என்றாள். “இத்தனை ஆம்பளைங்க இருக்கற இடத்துல ஒரு துணிகூடக் காயலையே.”

வீட்டுக்குப் போய், கணவனின் சட்டைகளையெல்லாம் ஒரு பக்கெட்டில் நனைத்து எடுத்து வந்தாள். முதல் கூடாரத்துக் கயிற்றில் அவள் ஒன்றொன்றாக உதறிப் போட்டாள். இரண்டாவது கூடாரத்துக்குத் தளபதி தன் சட்டையைக் கழற்றினார்.