ஆறு சாண்

பலிம்போங் காப்பியைத் தொடவில்லை. வந்த விஷயம் சின்னதில்லை என்று அதிலேயே தெரிந்துபோனது. தங்கை தபீத்தா வீட்டுக் காப்பி என்றால் இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடிக்கிற ஆள் அவர்.

"சம்பே வீட்டுச் சாவுக்கு வாக்குக் குடுத்துட்டேன். உங்க வீட்டுப் பேர்ல ஒரு எருமை."

தபீத்தா அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள். மகள் யோஸ்பினா சன்னலோரம் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கணினிக்குப் பேட்டரி செத்து ஒரு வருஷமாகிறது. மின்வயரை ஒரு பக்கமாய் வளைத்துப் பிடித்தால்தான் உயிர் நிற்கும். அவள் திரும்பிப் பார்த்ததில் வயர் நழுவி, திரை இருண்டது.

"நாம வாங்கினது பன்னிதானே மாமா?"

"பன்னிக்குப் பன்னின்னு கணக்குப் பார்க்க நீ என்ன சந்தையில கடை போட்டிருக்கியா புள்ள?"

பதினொரு வருஷத்துக்கு முன்னால் யோஸ்பினாவின் அப்பா செத்தபோது, கிழவர் சம்பே மூங்கிலில் கட்டித் தூக்கி வந்தது ஒரு பன்றி. மார்புச் சுற்று ஆறு சாண். இப்போது கிழவரே போய்விட்டார். திருப்பிக் கொடுத்தாக வேண்டும். எங்கள் மலையில் இதைச் சொல்லித் தர யாரும் வேண்டாம். பிள்ளை நடக்கப் பழகும்போதே தன் வீடு யார் யாருக்குப் பன்றி பாக்கி என்று தெரிந்துகொண்டுதான் நடக்கும். வாங்கிய அளவிலேயே கொடுப்பதும் கிடையாது. கொஞ்சம் கூடுதலாய்க் கொடுப்பதுதான் மரியாதை. அந்தக் கூடுதல் அந்த வீட்டின் தலையில் புதுக் கடனாய் ஏறும். அவர்கள் நம் வீட்டுச் சாவுக்கு அதற்கும் மேலே ஒன்றைத் தூக்கி வருவார்கள். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் செத்தவர்களைக் கைகாட்டுவார்கள். செத்தவர்கள் பதில் சொல்வதில்லை, நல்ல வசதி.

எருமைக்குப் பணம் எங்கே என்று தபீத்தா தாழ்ந்த குரலில் கேட்டாள். கீழ் வயலை அடகு வைக்கலாம், ஆள் பார்த்து வைத்திருக்கிறேன் என்றார் அண்ணன். மேல் வயல் புருஷன் சாவோடு போனது. மோட்டார் சைக்கிளின் பத்திரம் தபீத்தாவின் சின்னம்மா சாவுக்கு வாங்கிய கடனுக்காகக் கூட்டுறவுச் சங்கத்தில் கிடக்கிறது. மிச்சம் இருப்பது அந்தக் கீழ் வயல் ஒன்றுதான். வருஷத்துக்குச் சோறு போடுவது அது. பலிம்போங் தன் வயலில் ஒரு வரப்பைக்கூட இதுவரை அடகு வைத்ததில்லை. குடும்ப கௌரவம் பேசுகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான். கௌரவம் தங்களுடையது, வயல் அடுத்தவருடையது.

"வயலத் தொடாதீங்க மாமா. பன்னி நான் வாங்குறேன்" என்றாள் யோஸ்பினா.

"எதை வெச்சு? அந்தப் பொட்டியில எழுதுறதுக்கு எவனாவது காசு குடுக்குறானா?"

அவர் சொன்னது தப்பில்லை. ஒருவனும் காசு கொடுக்கவில்லை. இணையத்தில் பிளாக் என்று ஒன்று வைத்திருந்தாள். ரந்தேபா நகரில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசை வேலை. அது முடிந்து வந்ததும் எழுதுவாள். எங்கள் சாவுச் சடங்குகளைப் பற்றித்தான். சுற்றுலாக்காரர்கள் எழுதுகிற மாதிரி எருமைக் கொம்பையும் வளைந்த கூரையையும் அல்ல, கடனை. சாவுக்குப் பிறகு வீட்டில் என்ன விற்றார்கள், எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தியது என்று. பெயர் மட்டும் போடமாட்டாள். "ஒரு வீட்டில்", "ஒரு தாய்" என்றே எழுதுவாள். பப்புவா சுரங்கத்திலும் காலிமந்தான் தோட்டத்திலும் கிடக்கிற எங்கள் ஊர்ப் பையன்கள் படித்துவிட்டு நீள நீளமாய்ப் பதில் போடுவார்கள். காற்றில் எழுதுகிற எழுத்தால் என்ன ஆகும் என்றுதான் ஊரில் மற்றவர்களைப் போல நானும் நினைத்தேன்.

இரண்டு வருஷமாய்ச் சேர்த்து எண்பது லட்சம் ரூப்பியா வைத்திருந்தாள். ஒரு நடுத்தர மடிக்கணினியின் விலை. அந்தப் பணம் அவளை நிம்மதியாய் உட்காரவிட்டதில்லை. கணினியே வாங்கிவிடலாம் என்று காலையில் எழுவாள். நல்ல கேமரா உள்ள போன் வாங்கினால் படமும் போடலாமே என்று மதியம் தோன்றும். பிளாக்கின் இணைய முகவரிக்கு வருஷக் கட்டணம் வேறு வந்து நிற்கும். வண்டிப் பத்திரம் வைத்து வாங்கிய கடனை மொத்தமாய் அடைத்தால் வட்டியாவது நிற்கும் என்று சாயங்காலம் நினைப்பாள். மறுநாள் காலையில் மறுபடி கணினி. சனிக்கிழமை தோறும் நஸ்ரியின் கடைக்குப் போய் ஒரே கணினியைத் திறந்து, தட்டி, மூடி வைத்துவிட்டு வருவாள்.

நஸ்ரி கடலோரத்திலிருந்து வந்த பூகிஸ்காரன், வாய் சும்மா இருக்காது. அந்த வாரமும் அவளைக் கண்டதும், "எத்தன மாசமா வந்து பொண்ணு பார்த்துட்டுப் போற? நிச்சயம் எப்போன்னு கேட்டு இது அழுவுது" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. விசைகளின் மேல் ஒருமுறை விரலை ஓட்டினாள். "வேற மாப்பிள்ள பார்த்துக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, சந்தையின் பன்றி வரிசைக்கு நடந்தாள்.

வியாபாரிகள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருவன் ஏழு சாண் பன்றியைக் காட்டி, இதைக் கொண்டுபோனால் ஊரே எழுந்து நிற்கும் என்றான். அவள் குனிந்து ஒவ்வொரு பன்றியையும் சாண் போட்டுப் பார்த்தாள். சேற்றில் பாவாடை நனைந்தது. ஆறு சாணுக்கு ஒன்று கிடைத்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அறுபத்தைந்து லட்சம். மிச்சத்தை அப்படியே கூட்டுறவுச் சங்கத்தில் கொண்டுபோய்க் கட்டினாள். அங்கிருந்தவன் கட்டுகிற பணத்தை எண்ணிக்கொண்டே புதுக் கடன் வேண்டுமா என்று கேட்டானாம். கேட்பான்.

தபீத்தா பன்றியைத் தானும் ஒருமுறை சாண் போட்டுப் பார்த்தாள்.

"சரியா ஆறா? அரைச் சாணாவது கூட இருக்க வேணாமா?"

"கூட இருந்தா அது கடன்மா. அவங்க தலையில ஏத்துறோம். அப்புறம் நம்ம தலைக்குத் திரும்பி வரும்."

"சரிக்குச் சரி குடுக்குறதுன்னா இனிமே எங்க வாசல மிதிக்காதேன்னு சொல்றதுடி. ஒனக்குப் புரியுதா?" தபீத்தா தொழுவத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு நான் செத்தா யாரு வருவா? பன்னி இல்லாம, எருமை இல்லாம, நான் எப்படிப் போய்ச் சேர்றது?"

எங்கள் பெண்கள் ஞாயிறு தோறும் தேவாலயம் போகிறவர்கள்தான். ஆனாலும் அறுபட்ட மிருகங்கள் முன்னே போனால்தான் செத்தவர் ஆவிகளின் ஊர் போய்ச் சேருவார் என்கிற பயம் எலும்புக்குள் இருக்கிறது. போதகரும் அதைக் கிளறமாட்டார். எளிமையாய் வாழுங்கள் என்று மேடையில் சொல்லிவிட்டு, கீழே இறங்கிச் சடங்கில் தன் பங்குத் தொடைக்கறியை வாங்கிக்கொண்டு போவார்.

சடங்குக் களத்தில் கூட்டம் நெரிந்தது. ஒவ்வொரு வீடும் கறுப்பு உடையில் வரிசையாய் வர, ஒலிபெருக்கியில் ஒருவன் இன்னார் வீடு, இத்தனை சாண் என்று ராகம் போட்டு அறிவித்தான். பக்கத்து மேசையில் மிருகத்துக்கு இவ்வளவு என்று அரசாங்க வரி வசூல். சம்பேயின் மகன் ஓபெத், பப்புவாவிலிருந்து வந்தவன், பன்றிகளை அளந்து வாங்கிக்கொண்டிருந்தான். ஆறரை, ஏழு, ஏழரை. ஒவ்வொரு அளவையும் உரக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தலை வணங்கினான். வணங்க வணங்க அவன் தோள் இறங்கிக்கொண்டே போனது.

தபீத்தா வீட்டுப் பன்றி வந்தது. எருமை எங்கே என்று கூட்டம் எட்டிப் பார்த்தது. பலிம்போங் மூங்கில் பந்தலின் பின்னால் போய் நின்றுகொண்டார். ஓபெத் குனிந்து சாண் போட்டான். ஆறாவது சாணில் விரல் நின்றது. நம்பாமல் இன்னொரு முறை அளந்தான்.

"சரியா இருக்கு" என்றான்.

"முடிஞ்சதுன்னு சொல்லுங்கண்ணே" என்றாள் யோஸ்பினா.

கூட்டத்தில் முணுமுணுப்பு. யாரோ ஒரு கிழவி வெற்றிலையைத் துப்பினாள். ஒலிபெருக்கிக்காரன் என்ன அறிவிப்பது என்று தெரியாமல் இருமினான். ஓபெத் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"முடிஞ்சது, தங்கச்சி" என்று சொல்லிவிட்டு முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டான். அன்றைக்கு அந்தக் களத்துக்குத் தூக்கி வந்த அத்தனையிலும் அவன் முதுகில் ஏறாமல் இறங்கியது அது ஒன்றுதான்.

அடுத்த சில நாட்கள் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. பலிம்போங் ஒருமுறை வந்து வாசலில் நின்றபடியே, இந்தக் குடும்பத்துக்குத் தாய்மாமன் செத்துப்போனான் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று கத்திவிட்டுப் போனார். அப்படியானால் அதற்கும் ஒரு பன்றி கேட்பாரோ என்று யோஸ்பினா நினைத்தாள்.

ஒரு மத்தியானம் நல்ல மழை. யோஸ்பினா சன்னலோரம் வயரை வளைத்துப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் தட்டிக்கொண்டிருந்தாள். எழுதுவாள், அழிப்பாள், எழுந்து நடப்பாள், மறுபடி உட்காருவாள். தபீத்தா அரிசி புடைத்துக்கொண்டே அதைப் பார்த்திருந்தாள்.

"அன்னிக்கு ஓபெத் பொண்டாட்டி என் பக்கத்துல வந்து உக்காந்தா" என்றாள் திடீரென்று. "சித்தி, ஒங்க வீட்டுது ஒண்ணுதான் நாங்க திருப்பித் தர வேண்டாததுன்னு சொன்னா. சொல்லிட்டு என் கையப் பிடிச்சவ விடவே இல்ல. ஒங்கப்பா செத்தன்னிக்கு நானும் அப்படித்தான் உக்காந்திருந்தேன். எந்த வயல் போவும்னு எண்ணிக்கிட்டு. ஒங்கப்பாவ நெனச்சு அழக்கூட நேரம் இல்ல."

யோஸ்பினா தட்டுவதை நிறுத்தினாள்.

"அதுல பேர் போடுவியா?"

"இல்லம்மா. ஒரு தாய்னுதான் போடுவேன்."

"இந்தத் தடவ போடு." தபீத்தா முறத்தைக் கீழே வைத்தாள். "சாலுபூத்தே ஊர், தபீத்தா. என் சாவுக்கு யாரும் எதையும் கட்டித் தூக்கிட்டு வர வேணாம்னு எழுது. வெறுங்கையோட வந்து ஒரு பாட்டுப் பாடிட்டுப் போனாப் போதும். போய்ச் சேர்ற வழிய நான் கேட்டுக்குறேன்."

"மாமா கத்துவாரும்மா."

"சாகப்போறது அவரா, நானா?"

அந்த நேரம் பார்த்து வயர் நழுவி, திரை இருண்டது. யோஸ்பினா சலித்துக்கொண்டு குனிந்தாள். தபீத்தா எழுந்து வந்தாள். உமி ஒட்டிய விரல்களால் வயரைப் பிடித்து, மகள் பிடிப்பதைப் பார்த்திருந்த அதே வளைவில் வளைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். திரை வெளிச்சமானது.

"நான் பிடிச்சுக்குறேன். நீ ரெண்டு கையாலயும் எழுது."

யோஸ்பினா முதலில் அம்மாவின் பெயரை அடித்தாள்.