படத்தில் விழாத மனைவி

லிஃப்ட் மெக்கானிக் தன் மனைவியைப் பத்தொன்பது ஆண்டுகளில் ஆறாயிரத்துச் சொச்சம் படம் எடுத்தார். ஒன்றிலும் அவள் விழவில்லை. ஜன்னலோர நாற்காலி விழுந்தது, அவள் உட்கார்ந்ததில் மெத்தை அமுங்கிய குழி விழுந்தது, அவள் கையிலிருந்த டீ கோப்பை அந்தரத்தில் சாய்ந்தபடி விழுந்தது. அவளை மட்டும் காணோம். அவருடைய மாமியாரோ கூப்பிடாமலே பாதிப் படங்களில் வந்து நின்றார், ஒவ்வொன்றிலும் பளிச்சென்று இருந்தார்.

கல்யாணப் படத்தில் அவள் இருந்தாள், தலை குனிந்து, வகிடு மட்டும் தெரிய. அது ஃபிலிம் காலம், அதைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று அவர் தள்ளிவிட்டார். பழுதான பாகத்தை மாற்றினால் லிஃப்ட் ஓடும் என்பதில் பிழைப்பு நடத்துகிறவர், லென்ஸை மாற்றினார், ஃபிளாஷை மாற்றினார், கேமராவையே மூன்று முறை மாற்றினார். அதை இன்னொருவர் கையில் கொடுத்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. ஆசைக்குப் படம் எடுக்கிறவர்களுக்கே உள்ள வியாதி அது. கேமராவை ஒருமுறை தொட்டுவிட்டான் என்பதற்காக மைத்துனனோடு இரண்டு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. சொந்தக்காரர்கள் செல்போனைத் தூக்கினால், "வீட்லயே கேமராக்காரர் இருக்காரு, நீங்க எதுக்கு?" என்று அவளே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆண்டுக்கொரு முறை நடக்கும் கேமரா கண்காட்சிக்கு அவர் லீவு போட்டுவிட்டுப் போவார். தொழில்காரர்களுக்கு நீல அட்டை, ஆசைக்காரர்களுக்கு மஞ்சள் அட்டை. மஞ்சளைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, ஸ்டால் ஸ்டாலாக, மனைவி விழுகிற லென்ஸ் எது என்று விசாரிப்பார். விற்பனையாளர்கள் சிரிக்காமல் ஏதாவது ஒரு நம்பரைச் சொல்வார்கள். இலவசத் துணிப் பைகள் வீட்டில் மலைபோலக் குவிந்தன.

பத்தொன்பதாம் வருஷம், அவளைச் சோதித்த டாக்டர், அடுத்த வருஷத்துக்கு என்று எதையும் தள்ளிப்போடாதீர்கள் என்றார். "அப்ப இந்தத் தடவை நானும் வரேன். எந்த லென்ஸ்ல விழுறேன்னு நேர்லயே பாத்துடலாம்" என்றாள் அவள்.

நான்கு கூடங்களையும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் கடந்தாள். கடைசிக் கூடத்தில், புது லென்ஸைப் பொருத்திக் காட்டுகிறேன் என்று ஒரு ஸ்டால் பெண் அவர் கழுத்திலிருந்த கேமராவைப் பதமாகக் கழற்றிக்கொண்டாள். "அம்மா, இங்க பாருங்க" என்று சொல்லி அமுக்கினாள். படத்தில் மனைவி விழுந்தாள். வெளுத்த உதடு, நெற்றிச் சுருக்கம், வாய் நிறையச் சிரிப்பு, எல்லாம் இருந்தது. அந்த லென்ஸாலேயே அவர் ஒன்று எடுத்தார். ஸ்டூல் மட்டும் விழுந்தது. பழைய லென்ஸைப் பூட்டி அந்தப் பெண் இன்னொன்றை எடுக்கப் போனாள். அவர் கேமராவைப் பிடுங்கிக்கொண்டார். பழுது எந்தப் பாகத்தில் என்று அதற்குள் விளங்கிவிட்டது, அதை மாற்ற எந்த ஸ்டாலிலும் வழியில்லை.

பஸ்ஸில் அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டு, "அதப் பெருசாப் போட்டு மாட்டிடுங்க. பின்னால வேணும்ல" என்றாள், பிறகு தூங்கிப்போனாள். அவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சிரிப்பை அவள் யாரோ முன்பின் தெரியாத பெண்ணுக்குக் கொடுத்திருந்தாள். வேறென்ன சொல்ல, பொறாமைதான். இறங்கும் இடம் வருவதற்குள் அழித்துவிட்டார்.

கேமராவின் மெமரி கார்டு கெட்டுவிட்டது என்று மறுநாள் சொன்னார். அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "போகட்டும். அடுத்த வருஷம் நீங்களே எடுங்க" என்றாள்.

அடுத்த கண்காட்சிக்கு மூன்று மாதம் இருக்கும்போது அவள் போய்விட்டாள். சுவரில் மாட்டப் படம் எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். ஆறாயிரத்தையும் புரட்டி, குழி ஆழமாக விழுந்து, டீ கோப்பை அந்தரத்தில் நிற்கும் நாற்காலிப் படம் ஒன்றைப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார். வந்தவர்கள் அதன்முன் நின்றார்கள், அழுதார்கள். ஆள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மாமியார் கோப்பையின் பக்கத்தில், கன்னம் இருக்க வேண்டிய இடத்தைத் தடவிக் கொடுத்தார்.

மைத்துனன் மூக்கை உறிஞ்சியபடி, "அக்கா அப்படியே இருக்கா. நல்லா எடுத்திருக்கீங்க மாமா" என்றான்.

அவர் எடுத்த படத்தை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அழித்த படத்தைப் பற்றி அவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை.